நாங்கள் கைதட்டிய நடை

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் தையற்காரரிடம் நான் சண்டைக்குப் போனேன். இரண்டே கால் வயது மகள் ஒரு இடுப்பில். அவளுக்குத் தைத்த அரக்குப் பட்டுப்பாவாடை தோள்பையில். பண்டிகைக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாவாடை வலது பக்கம் கணுக்காலுக்கு மேலே நின்றது, இடது பக்கம் தரையைக் கூட்டியது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"என்ன பாய் இது, ஏறுக்கு மாறாத் தச்சு வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தேன்.

அவர் பாவாடையை வாங்கி மேசையில் விரித்து, இடுப்புப் பட்டியிலிருந்து கரை வரை நாலு இடத்தில் டேப் வைத்துப் பார்த்தார். "எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்மா" என்றார்.

"அப்போ என் கண்ணுதான் கோணலா?"

"பாப்பாவுக்குக் கட்டிவிட்டு இங்க நிறுத்துங்க, பாத்துடுவோம்."

கட்டிவிட்டு மேசைமேல் நிறுத்தினேன். அவர் கரையைப் பார்க்கவில்லை, குழந்தையின் இடுப்பைப் பார்த்தார். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பில் கட்டைவிரலை லேசாக வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. துணியில கோளாறு இல்லீங்க. பாப்பாவுக்கு இடது இடுப்பு எறங்கியிருக்கு. கால் ஒண்ணு கட்டையோ என்னமோ. எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

நான் கோபித்துக்கொண்டேன். "தைக்கத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. குழந்தை மேல பழியப் போடாதீங்க" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பாவாடையோடு அவளை வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனிதரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எனக்கு அவ்வளவு வீறாப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. என் மகள் ஏன் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரை இங்கே 'இவர்' என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான். இவருக்கு ஒரு தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. உற்சவ நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பெருமாளைத் தோளில் சுமக்கப் போவார். இவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் கோயில் கைங்கர்யம். பெருமாளைச் சும்மா தூக்கிக்கொண்டு நடந்துவிட முடியாது. அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. சுமக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வார்கள். அந்த ஒய்யாரத்தைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஜனங்கள் வந்து வீதியில் காத்துக் கிடப்பார்கள்.

எங்கள் மகள் பதினைந்து மாதத்தில் நடக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் தாமதம்தான். முதல் அடியிலிருந்தே ஒரு சாய்வு இருந்தது. வேறு வீடாக இருந்தால், குழந்தை நொண்டுகிறதே என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இவர் அப்படியே பூரித்துப்போய், "பாத்தியா, ஒய்யார நடையப் பொறக்கறச்சேயே கொண்டு வந்துட்டா" என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

அதன் பிறகு அது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. பெருமாள் புறப்பட்டு வருவதை நாங்கள் 'ஏள்றார்' என்போம். சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு துண்டை மடித்து அவள் தோளில் போட்டு "ஏள்றார், ஏள்றார்" என்பார். அவள் வாசலை ஒட்டிய ரேழியில் தொடங்கிக் கூடம் வரை சாய்ந்து சாய்ந்து வருவாள். நாங்கள் கைதட்டுவோம். வந்தவர், போனவர், எதிர்வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரு முறை நடந்து காட்டுவாள். நான் போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் இருக்கும் குரூப்பில் போடுவேன். பார்த்தவர்கள் எல்லோரும் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். டாக்டருக்குப் படித்த என் ஒன்றுவிட்ட தம்பிகூடக் கைகூப்பினான். அவன் பல் டாக்டர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

தையற்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்ததோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தீபாவளியன்று அந்தப் பாவாடையோடு அவள் கூடத்தில் நடந்தபோது கரையின் இடது ஓரம் ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தொட்டது. குளிக்க வைக்கும்போது இடது தொடையில் ஒரு மடிப்பு அதிகமாக இருந்தது. அதை நான் கைக்குழந்தையிலேயே பார்த்திருக்கிறேன், கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று அதற்கு ஒரு முத்தமும் கொடுத்திருக்கிறேன். டயப்பர் மாற்றும்போது இடது கால் முழுசாக விரியாது. படுத்துகிறாள், விரிக்க விடமாட்டேன் என்கிறாள் என்று தொடையில் ஒன்று போட்டுக்கூட இருக்கிறேன். எல்லாம் எனக்குத் தெரிந்த சமாசாரங்கள்தான், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "டெய்லர் சொன்னார்னு ஆஸ்பத்திரிக்குப் போறதா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, துண்டை அவள் தோளில் போட்டு, "ஏள்றார்" என்றார். அவள் நடந்தாள். இவர் கைதட்டவில்லை. மறுபடி நடக்கச் சொன்னார். மூன்றாம் முறை அவள் கையைப் பிடித்துத் தானும் கூட நடந்தார். கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"எங்க நடையில ரெண்டு பக்கமும் சாயணும்" என்றார். "இவ இடது பக்கம் மட்டுந்தான் சாயறா."

பதினைந்து வருஷமாகத் தோளில் சுமந்து நடக்கிறவருக்கு அது ஒரு வருஷமாகத் தெரியவில்லை. அதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை, அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

தென்னூரில் குழந்தைகளின் எலும்பு, மூட்டு மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் குழந்தையிடம் அவளுடைய வளையல் எத்தனை என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்தார். பிறகு மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்கால்களையும் மடக்கி நிறுத்தினார். இடது முழங்கால் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. அதைப் பார்க்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை, எனக்கே தெரிந்தது.

"வயித்துல இருந்தப்ப தலை மேல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். அதனாலதான் சிசேரியன்."

"மொதல் குழந்தை?"

"ஆமா."

தலையாட்டினார். "நடக்கற வீடியோ ஏதாவது வச்சிருக்கீங்களா? எப்பலேந்து இப்படின்னு பாத்துக்கலாம்."

வைத்திருக்கிறேனா என்றா கேட்டார்? போனை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அவள் நடக்க ஆரம்பித்த மாதத்தில் எடுத்ததற்கு வந்து சேர்ந்தார். அதில் அவள் ரேழியில் தள்ளாடி வருகிறாள். பின்னாலிருந்து என் குரல் கேட்கிறது: "இன்னொரு தரம், இன்னொரு தரம். நன்னாச் சாஞ்சு நட. அப்படித்தான், என் தங்கமே." டாக்டர் என்னைப் பார்க்காமல் போனின் ஒலியைக் குறைத்தார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார். "தொடை எலும்போட மேல் முனை பந்து மாதிரி. இடுப்புல அதுக்கு ஒரு கிண்ணம் இருக்கு. வலது பக்கம் பாருங்க, பந்து கிண்ணத்துக்குள்ள உக்காந்திருக்கு. இடது பக்கம் வெளியில, மேல ஏறி நிக்குது. பொறந்ததுலேந்தே சரியா உக்காரல. பந்து உள்ள இல்லாததால கிண்ணமும் ஆழமா வளரல. ஆபரேஷன் பண்ணித்தான் உள்ள வைக்கணும். கிண்ணத்துக்கு மேல எலும்ப வெட்டிச் சாச்சு, பந்து நழுவாம ஒரு கூரை மாதிரி பண்ணணும். அப்பறம் மாவுக்கட்டு."

"பண்ணினா நேரா நடப்பாளா?"

"பெரும்பாலும் நல்லா வருவாங்க. ஆனா உறுதி சொல்ல முடியாது. மறுபடி நழுவலாம். பந்துக்குப் போற ரத்த ஓட்டம் கொறஞ்சு பந்து கெட்டுப்போற வாய்ப்பும் இருக்கு. பண்ணலேன்னா இந்த நொண்டல் போகாது, பெரியவளானா மூட்டு தேஞ்சு வலி வரும்."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா?"

"இப்ப வந்துட்டீங்கல்ல."

"இல்ல, சொல்லுங்க டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "பொறந்த மூணு நாலு மாசத்துல தெரிஞ்சிருந்தா வார்ப்பட்டை மாதிரி ஒண்ண மாட்டியே சரி பண்ணியிருக்கலாம். அந்த மொத வீடியோ எடுத்தப்ப வந்திருந்தாக்கூட, வெட்டித் திறக்காம பந்த உள்ள தள்ளப் பாத்திருக்கலாம்."

கேட்டேன், பதில் கிடைத்தது. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோவில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். நான் போனை எடுத்து வீடியோக்களை அழிக்க ஆரம்பித்தேன். இவர் கையைப் பிடித்துத் தடுத்து, "டாக்டருக்கு வேணுமா இருக்கும்" என்றார். நிஜத்தில் வேண்டியதில்லை. அழித்தால் நான் செய்ததும் அழிந்துவிடாது என்று சொல்ல வந்தாரோ என்னவோ.

மார்கழியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். வைகுண்ட ஏகாதசி நடக்கும் சமயம். இவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த உற்சவத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். கூடச் சுமக்கிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லையாம், எல்லோரும் பிரார்த்தனை செய்துகொள்வதாகச் சொன்னார்களாம். எனக்கோ கோபம் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் நடந்ததைப் பார்த்துக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். நான் அவர்களை விடப் பலமாகக் கைதட்டினேன் என்பது உடனே ஞாபகம் வந்து, கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போயிற்று.

கையெழுத்துப் போடும் தாளில் எல்லா ஆபத்துகளையும் அச்சடித்திருந்தார்கள். இவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். படித்தது தப்பு. உள்ளே கூட்டிப் போகும்போது அவள் அழவில்லை. தள்ளிக்கொண்டு போன நர்ஸிடம், "நான் ஏள்றேன்" என்று சொன்னாள். நர்ஸ் கிராப்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், அவருக்கு அது விளங்கவில்லை. "ஆமாண்டா கண்ணு" என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டார்.

மூன்று மணி நேரம் என்றார்கள். மூன்றாவது மணி முடிந்ததும் நான் கதவின் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றரை மணி நேரம் ஆனதும் வாட்ச்மேனோடு வம்புக்குப் போனேன். நாலாவது மணி முடிந்ததும், பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். ஏன் அப்படி முடிவு செய்தேன் என்றால், தாளில் அந்த வரிதான் கடைசியில் இருந்தது. இவர் சுவரில் தோளைச் சாய்த்து நின்றார். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோள். அதைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் யாராவது ஒருவர் அந்த வீடியோக்களைப் பற்றிப் பேசிவிடுவோம் என்று பயம்.

நாலரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, "உள்ள வச்சாச்சு. கட்டும் போட்டாச்சு" என்றார். வாட்ச்மேன்தான் முதலில் "நல்லதும்மா" என்று சொன்னார்.

மாவுக்கட்டு என்றால் கையிலோ காலிலோ ஒரு சுற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது மார்புக்குக் கீழே தொடங்கி இடது காலில் விரல்கள் வரைக்கும், வலது காலில் முழங்கால் வரைக்கும் போனது. இரண்டு காலும் அகல விரிந்து, நடுவில் ஒரு கட்டை. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக நடுவில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். ஆறு வாரம். கட்டோடு அவளை ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை, கால் இரண்டு பக்கமும் இடித்தது. காரில் பின் சீட்டில் குறுக்கே படுக்க வைத்துக் கொண்டுவந்தோம்.

கிளம்பும்போது நர்ஸ் சொல்லி அனுப்பியவை: விரல் நீலமாகிறதா பார்க்க வேண்டும், நாற்றம் வருகிறதா முகர வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். "சாப்பாட்டுத் துணுக்கு உள்ள விழாம பாத்துக்கங்க. எறும்பு வந்துரும். உள்ள போச்சுன்னா எடுக்க முடியாது." மற்றதையெல்லாம் விட இந்தக் கடைசி ஒன்று என் மூளையில் உட்கார்ந்துகொண்டது. மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் பொங்கலும் அக்காரவடிசலும் இல்லாத வீடு ஏது? பிரசாதம் என்று யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு சமையலறைக்குக் கொண்டுபோய் மூடி வைத்தேன். "குழந்தை வாயில ஒரு பருக்கையாவது" என்று கேட்டவர்களிடம், "ஆறு வாரம் ஆகட்டும், நானே ஊட்டறேன்" என்றேன். எனக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். கட்டிலின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தி, நாள் முழுக்க டார்ச் அடித்துக் கட்டின் ஓரத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, திருப்பிப் போடும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. இவருக்குக் கேட்கவில்லை. குழந்தை அழவில்லை, பொம்மைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். பந்து நழுவிவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மறுபடி கார், மறுபடி பாலம், மறுபடி எக்ஸ்ரே. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு. கட்டை கட்டுல உரசியிருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "தேவையில்லாம கதிர் படக் கூடாதும்மா" என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லி அனுப்பினார். வீடு வந்து சேர்ந்ததும் இவர், "அடுத்த சத்தம் கேட்டா மொதல்ல எனக்குச் சொல்லு, அப்பறம் கார் கூப்பிடலாம்" என்றார். அன்றைக்குத்தான் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நான் சிரித்தேன்.

தை உற்சவத்துக்கு ஆள் பற்றாமல் இவரைக் கூப்பிட்டார்கள். போகலாமா என்று என்னைக் கேட்டார். போகச் சொன்னேன். எங்கள் வீடு உத்தர வீதியில், பெருமாள் வாசல் வழியாகவே போவார். அன்று காலை அவளைக் கட்டோடு தூக்கி வாசலில் இரண்டு தலையணைமேல் சாய்த்து வைத்தேன். மேளச் சத்தம் கேட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் காலை அசைக்க முடியாது. கைகளை மட்டும் ஆட்டினாள். தூரத்தில் வாகனம் தெரிந்தது. சாய்ந்து, நின்று, நிமிர்ந்து, சாய்ந்து வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் அவள் அப்பா. அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, பெருமாளுக்கும் மாவுக்கட்டு போடுவாளா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தை பேசுவதைக் கேட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள். நான் அவளுக்குத் தெரியாமல் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். எது அழகு என்று நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோமோ அதையே வியாதி என்று சொல்லி, ஆளைப் படுக்க வைத்து, வெட்டி, கட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். அவள் வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்? சாயங்காலம் இவரிடம் சொன்னபோது வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "இனிமே அவ எதிர்ல அந்த நடை நடக்கக் கூடாதுன்னு தோணறது. எப்படி முடியும்? அதானே என் கைங்கர்யம்" என்றார்.

மாசி பிறந்ததும் கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்தவை என் மகளின் கால்கள் மாதிரியே இல்லை. இரண்டும் வாடிச் சுருங்கி, தோல் உரிந்து கிடந்தன. எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்துக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"நடக்க ஆரம்பிக்கறப்ப சாஞ்சுதான் நடப்பா" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. இடுப்புத் தசைக்குப் பலம் வரணும். ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஆகலேன்னா?"

"அப்பப்ப படம் எடுத்துப் பாப்போம். வளந்து முடியற வரைக்கும் பாத்துட்டுத்தான் இருக்கணும்."

வளர்ந்து முடிய இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது.

பங்குனியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரை விட்டுவிட்டு நாலடி வைத்தாள். சாய்ந்தாள். அதே இடது பக்கம். டாக்டர் சொன்ன தசைதானா? பந்து மெல்ல நழுவ ஆரம்பித்துவிட்டதா? இல்லை, ஒரு வருஷம் கைதட்டிக் கைதட்டி நான் பழக்கிய நடை அவள் உடம்பில் ஊறிப்போய்விட்டதா? முதல் இரண்டுக்கும் எக்ஸ்ரேயில் பதில் இருக்கும். மூன்றாவதற்கு எந்த மெஷினிலும் படம் எடுக்க முடியாது. என்னை அரித்தது அந்த மூன்றாவதுதான்.

வீட்டில் கைதட்டலை நிறுத்தினேன். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அவள் இடுப்பு உயரத்துக்குக் கண் வர வேண்டும் என்று ரேழித் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன். "நேரா நட. இடது காலை நன்னா ஊனு. நேரா, நேரா." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டு. "நீ பாக்கற பார்வையில நானே தடுக்கி விழுந்துடுவேன்" என்று இவர் கிண்டல் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரை பார்க்காமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் முற்பகல், நான் சமையலறையில் இருந்தபோது ரேழியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமல் அவளாகவே நடந்துகொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். போவதுபோல் போய் மறுபடி வந்தேன், மறுபடி உட்கார்ந்தாள்.

"ஏண்டி கண்ணு உக்காந்துட்டே? நடயேன்."

"மாட்டேன். நீ பாக்கறே."

"பாத்தா என்ன?"

அவள் பாவாடையைக் கசக்கிக்கொண்டே சொன்னாள். "நீ பாத்தா நான் தப்பா நடந்துடுவேன்."

அவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. முதலில் என் சந்தோஷத்துக்காகச் சாய்ந்து நடந்தாள். இப்போது என் பயத்துக்காக நடக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கால் அவளுடையதாக இருந்த நாளே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி, நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு ரேழிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஒரு அடி, இன்னொரு அடி. கண் மூடியிருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. எந்தக் கால் பலமாக விழுகிறது, எந்தக் கால் இழுபடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது கொஞ்சம் தாமதமாக விழுவதுபோல் இருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டது.

"காதையும் மூடிக்கோ" என்றாள்.

இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். உள்ளே என் ரத்தம் ஓடும் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. விழுந்துவிட்டால் தெரியாது. நழுவிவிட்டால் தெரியாது. சாய்ந்து நடந்தாளா, நேராக நடந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொறுக்க முடிந்த வரை பொறுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது ரேழி காலியாக இருந்தது. அவள் வாசற்படியைத் தாண்டி வீதி ஓரத்தில் நின்று, போகிற வருகிற வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.